புகார்ப் பெட்டிக்கு ஏற்றிய கர்ப்பூரம்

1955ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி அளவில், கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா நெடுஞ்சாலையும் இரயில் நிலையத்துக்குச் செல்லும் தெருவும் கூடுகின்ற முனையில், வடக்கிலிருந்து மிளகாய் மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று, கங்கம்மா என்பவருடைய ஆப்பக்கடையின் முன்தூணை இடித்துச் சாய்த்துவிட்டு, நிற்காமல் தெற்கு நோக்கிச் சென்றுவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆப்பச்சட்டி ஒன்றும், தேங்காய்ப்பால் இருந்த பாத்திரம் ஒன்றும், கூரையில் பாதியும் சேதமாயின. இதை நேரில் கண்டவர்களுள் நானும் ஒருத்தி.

நேரில் கண்டவர்கள் என்று எழுதியதைச் சற்றே திருத்த வேண்டும். இடித்த வேகத்தில் மூட்டை ஒன்று கிழிந்து, காய்ந்த மிளகாயும் அதன் தூசும் முனை முழுவதும் பரவின. லாரியின் பின்புறத்தில் எண் எழுதிய பலகை இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் அங்கே இருந்தோம். ஆயினும் அனைவரும் கண்களை இறுக மூடித் தும்மிக்கொண்டிருந்தோம். பொது இடத்தில் தும்முவதில்லை என்பது என் வழக்கம். அன்று அவ்வழக்கத்தைக் கைவிட நேர்ந்தது. கண்ணைத் திறந்தபோது லாரி கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

நான் பொன்னேரியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்போது ஊராட்சி மன்றத்தில் பெண் உறுப்பினர் நான் ஒருத்தியே. அந்த முனை என் பகுதியைச் சேர்ந்தது. ஆகவே காவல் நிலையத்துக்கு ஆளனுப்பிச் சப்-இன்ஸ்பெக்டரை வரவழைத்தேன். வீரராகவன் என்று பெயர். வயதில் இளையவர், நடத்தையில் குறை சொல்ல முடியாதவர், தொப்பி மட்டும் தலைக்குச் சற்றுப் பெரியது. அவர் சாட்சிகளை வரிசையாக நிறுத்தி விசாரித்தார். லாரி பச்சை நிறம் என்றார் ஒருவர். நீலம் என்றார் அடுத்தவர். எண்ணில் ஓர் ஏழு இருந்ததாக இருவர் கூறினர், ஆனால் முதலிலா கடைசியிலா என்பதில் அவர்களுக்குள் சண்டை வந்துவிட்டது. ஓட்டுநருக்கு மீசை உண்டு என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றுபட்டனர்.

பொங்கலுக்குப் பிறகு அத்தூண் விழுந்தது அது மூன்றாவது முறை. வீரராகவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தம் முடிவை விளக்கினார். மூன்று முறையும் இடித்தவை வெவ்வேறு லாரிகள். மூன்று முறையும் இடிபட்டது ஒரே தூண். மூன்றுக்கும் பொதுவாக இருப்பது தூணே ஆகையால், குறை தூணிடத்தில் இருக்கிறது என்றுதான் மேலதிகாரிகள் கருதுவார்கள். லாரி தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கி இடித்தது என்பதற்குச் சான்று இருந்தால் வேறு பேச்சு. சக்கரத் தடம் உண்டா என்று குனிந்து பார்த்தார். தும்மிய கூட்டம் ஓடிய ஓட்டத்தில் தடம் எல்லாம் அழிந்திருந்தது. சான்று இல்லையென்றால், கடைதான் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதாகக் கொள்ள வேண்டும், அதை அகற்றவும் வேண்டும் என்றார்.

மார்ச் மாதக் கடைசி நாளில் சாலைத்துறை மேற்பார்வையாளரையும் அழைத்துக்கொண்டு வருவதாகவும், அதற்குள் முரட்டு லாரிக்காரர்கள்மேல் எண்ணோடு கூடிய புகார் வந்தால் அவர்களைக் கவனிப்பதாகவும், வராவிட்டால் கடையை எடுத்துவிடுவதாகவும் கூறி, அவர் விடைபெற்றார்.

கங்கம்மா சாய்ந்த கூரையின் கீழ் உட்கார்ந்து, உடைந்த சட்டியின் துண்டுகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனை இழந்தவள். அந்தக் கடையைத் தவிர அவளுக்கும் அவள் மாமியாருக்கும் வேறு வழி இல்லை. இரயிலுக்குப் போகிறவர்களும் பேருந்துக்கு நிற்கிறவர்களும் கூடும் இடம் அந்த முனை ஒன்றுதான். இதை நான் சொல்லி அவள் அறிய வேண்டியதில்லை.

"இந்த மொனைய உட்டா நான் எங்க போவேன், மெம்பரம்மா? ஊட்டுல குந்திக்கினு ஆப்பம் சுட்டா என் மாமியார் ஒண்டிதான் துன்னும். அதுவும் ஓரம் கருகிப்போச்சுன்னு சொல்லிக்கினே துன்னும்."

புகாருக்கு எண் வேண்டும் என்றால், எண்ணைக் கண்டவர் அதை உடனே எழுதிப்போட இடம் வேண்டும். காவல் நிலையம் வரை நடந்து சென்று புகார் எழுதுவதற்குள் நம் ஊரார் எண்ணையும் மறப்பார்கள், கோபத்தையும் மறப்பார்கள். ஆகவே அந்த முனையிலேயே ஒரு பெட்டியை நிறுவ வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். சாவி சப்-இன்ஸ்பெக்டரிடம் இருக்கும். பக்கத்தில் காகிதத் துண்டுகளும் நூலில் கட்டிய பென்சிலும் தொங்கும்.

மன்றத் தலைவர் ஹயாத் பாஷா பழவேற்காட்டிலிருந்து வந்து குடியேறிய வணிகர். உப்பும் கருவாடும் ஏற்றிச் செல்லச் சொந்தமாக ஒரு லாரி வைத்திருந்தார். தீர்மானத்தைக் கேட்டு அவர் தாடியைத் தடவினார்.

"பெட்டி வைங்க அக்கா, நான் வேணாங்கல. நம்ம வண்டி நம்பர் அதுல உழாம பாத்துக்கணும், அவ்ளோதான்."

விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் தங்கள் ஓட்டுநர்தான் என்று விடை கூறினேன். அவருடைய ஓட்டுநர் அமீருதீன் வளைவில்கூட வேகத்தைக் குறைக்காதவர் என்பது ஊரறிந்த செய்தி. உறுப்பினர்கள் சிரித்தனர். தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

பெட்டி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நானே வகுத்துக் கொடுத்தேன். இடுப்பளவு உயரமுள்ள கம்பம். அதன்மேல் மரப்பெட்டி. மழை உள்ளே புகாதபடி இருபுறமும் சரிந்த தகரக் கூரை. இருட்டும் வேளையில் லாரி வந்து பெட்டியையும் இடித்துவிடக் கூடாது என்பதற்காக, கம்பத்திலும் பெட்டியிலும் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் நெடிய பட்டைகள். எழுத்து, எழுதிப்போட வருகிறவர் நிற்கும் கடைப்பக்கத்தில் மட்டும். சாலைப்பக்கம் பட்டைகளே போதும், ஏனெனில் லாரி ஓட்டுகிறவர் புகார் எழுத வரப்போவதில்லை.

சிவப்பும் வெள்ளையுமாக நெடிய பட்டை தீட்டப்படும் பொருள் இந்த நாட்டில் வேறொன்றும் உண்டு என்பது எனக்குத் தெரியாததன்று. நாள்தோறும் அதை ஒட்டித்தான் நடந்து போகிறேன். ஆனால் போக்குவரத்தைப் பற்றிச் சிந்திக்கும்போது கோயில் மதிலைப் பற்றி யார் சிந்திப்பார்கள்?

வண்ணம் தீட்டிய துளசிராமன் கோயில் வாகனங்களுக்கு வண்ணம் பூசுகிறவர். கை பழகிய வேலை ஆதலால் பட்டைகள் நேர்த்தியாக அமைந்தன. தகரக் கூரையின் முகப்பில் யாரும் கேட்காமலே தாமரை ஒன்றையும் வரைந்திருந்தார். அழித்துவிடச் சொன்னேன். காய்ந்த பிறகு அழிப்பதாகச் சொன்னார். காய்ந்த வண்ணத்தை அழிக்க முடியாது என்பதை மறுநாள் வந்து பொறுமையாக எனக்கு விளக்கினார். பெட்டியை நட்டு முடித்ததும், புதிதாக வந்த எந்தப் பொருளுக்கும் செய்வதுபோலக் கங்கம்மா அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். சாலைப்பக்கம் இடம் தாராளமாக இருந்தபடியால் அங்கேதான் வைத்தாள். அவள் நன்றியுணர்வைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் லாரிகள் வழக்கம்போலப் பறந்தன. மறுநாள் ஒரு லாரி முனைக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் ஒரு கையால் மார்பைத் தொட்டுக்கொண்டு போனார். அதற்கு மறுநாள் ஒரு லாரி நின்றது. அதிலிருந்து இறங்கியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியின் முன் கர்ப்பூரம் ஏற்றி, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்து, அதன்மேல் நிதானமாக ஏறிச் சென்றார். அந்த வாரத்துக்குள் கம்பத்தைச் சுற்றிச் சாமந்தி மாலை விழுந்துவிட்டது. புகார் போடும் துளையில் காலணாக்கள் விழும் ஓசை கேட்கத் தொடங்கிற்று.

இதன் காரணத்தை விசாரித்து எனக்குத் தெரிவித்தவள் கங்கம்மா. ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஆரம்பாக்கத்துக்கு வடக்கே புதிய எல்லை வந்துவிட்டது. எல்லை இருந்தால் எல்லையம்மன் இருக்க வேண்டும். இத்தனை நாள் இல்லாதது ஓட்டுநர்களுக்கு ஒரு குறையாகவே இருந்திருக்கிறது. பட்டையும் தாமரையும் மஞ்சளுமாக ஒன்று திடீரென முளைத்ததும், அவர்கள் ஐயமின்றி முடிவு செய்துவிட்டனர்.

"அந்த நெல்லூர் வண்டிக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா, மெம்பரம்மா? எல்லை வந்து வருசம் ஒன்னரை ஆச்சு, ஆத்தா இப்பத்தான் வந்துகீறா, கவர்மெண்டு வேலைன்னா அப்படித்தான் லேட்டாவும்ன்றான்."

எனக்கு வந்த சினத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊராட்சி மன்றத்தின் சொத்தை, முறையாகத் தீர்மானம் நிறைவேற்றி நிறுவிய ஒரு பொருளை, வேறொன்றாக எண்ண விடுவது முறையன்று. மறுநாள் காலையிலேயே முனையில் போய் நின்றேன். சூளூர்ப்பேட்டையிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றி வந்த முதிய ஓட்டுநர் ஒருவர் கர்ப்பூரம் ஏற்றக் குனிந்தார். ஐயா, இது தெய்வம் அன்று, தவறு செய்யும் ஓட்டுநர்களைப் பற்றிக் குறை சொல்வதற்கு வைத்த பெட்டி என்று தெளிவாக எடுத்துரைத்தேன். அவர் என்னை மரியாதையோடு பார்த்தார்.

"அதுக்குத்தானம்மா வந்துகீறேன். நம்ம கொறைய ஆத்தாகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது?"

சொல்லிவிட்டு எனக்கும் விபூதி கொடுத்தார்.

வாய்மொழியால் பயனில்லை என்று கண்டு, துளசிராமனை அழைத்துச் சாலைப்பக்கத்திலும் 'புகார்ப் பெட்டி' என்று பெரிய எழுத்தில் எழுதச் செய்தேன். அதற்குப் பிறகு கூட்டம் இன்னும் பெருகிற்று. வடக்கேயிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் தெலுங்கு மட்டுமே படித்தவர்கள். அம்மனுக்குப் பெயர்ப்பலகை வந்துவிட்டது என்று அவர்கள் மகிழ்ந்தனர். சிலர் தேங்காய் உடைத்தனர்.

ஒன்றை மட்டும் நான் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். முனையில் எந்த லாரியும் பறக்கவில்லை. எளாவூர்ச் சோதனைச் சாவடியில் தடைமரம் இறக்கினால்கூட முறைத்துக்கொண்டு நிற்கிறவர்கள், இங்கே கேட்காமலே நின்றார்கள். நின்றவர்கள் ஆப்பம் தின்றார்கள். கங்கம்மா இரண்டாவது அடுப்பு ஒன்று போட்டாள். ஹயாத் பாஷா என் வீட்டுக்கே வந்து, பத்து வருடமாகத் தாம் சொல்லிக் கேட்காத அமீருதீன் அந்த முனையில் மட்டும் மாட்டு வண்டி வேகத்தில் போகிறான் என்று வியந்து கூறினார். அமீருதீனை நான் கேட்டேன். யாருடைய இடமானால் என்ன, நின்று ஒரு சலாம் வைத்துவிட்டுப் போவது வண்டிக்கு நல்லதுதானே என்றார்.

இன்னொன்றும் நடந்தது. அக்காலத்து லாரிகளின் இன்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது எளிதன்று. ஆட்களைக் கூட்டித் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே எந்த ஓட்டுநரும் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்குவதில்லை. அந்த இரைச்சலில் அம்மன் காதில் விழ வேண்டும் என்றால் கூவித்தான் வேண்டிக்கொள்ள வேண்டும். அவர்கள் கூவினார்கள். எந்த ஊர் வளைவில் யாரை ஓரங்கட்டினார்கள், எங்கே மாட்டு வண்டியைப் பள்ளத்தில் இறக்கினார்கள், எங்கே கண்ணயர்ந்தார்கள் என்பதெல்லாம், பக்கத்தில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்த கங்கம்மாவின் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்தது. இதைத்தான் நாம் தேடிக்கொண்டிருந்தோம், எண்களோடு எனக்குச் சொல், நானே எழுதிப் பெட்டியில் போடுகிறேன் என்று அவளிடம் கூறினேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வேணாம் மெம்பரம்மா. சாமிகிட்ட சொன்னத நான் போலீசுகிட்ட சொன்னா, நாளைக்கு எனக்குச் சாமியும் இல்ல, கிராக்கியும் இல்ல."

கடை போய்விடுமே என்று நினைவூட்டினேன். போனால் போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. கரண்டியை மீண்டும் எடுத்து அடுத்த ஆப்பத்தை ஊற்றினாள். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

மார்ச் முப்பத்தோராம் நாள், வியாழக்கிழமை, வீரராகவன் சாவியோடு வந்தார். சாலைத்துறை மேற்பார்வையாளர் அளவுநாடாவோடு வந்தார். ஹயாத் பாஷாவும் நானும் மன்றத்தின் சார்பில் நின்றோம். பெட்டி திறக்கப்பட்டது. அதிலிருந்து கர்ப்பூரக் கட்டிகளும், விபூதிப் பொட்டலங்களும், காலணாக்களும், வதங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றும் வெளிவந்தன. அந்தப் பழம் அவ்வளவு சிறிய துளை வழியாக எப்படிப் போயிற்று என்பதை மேற்பார்வையாளர் சிறிது நேரம் ஆராய்ந்தார். எழுத்தில் வந்த புகார் ஒன்றே ஒன்று. கங்கம்மா கடைச் சட்டினியில் உப்பு மிகுதி என்று ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார். பெயர் குறிப்பிடவில்லை.

வீரராகவனுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். லாரிகள்மேல் புகார் இல்லை, ஆகவே லாரிகள்மேல் குறை இல்லை என்று ஆகிவிட்டது. இதற்கிடையில் மேற்பார்வையாளர் வேறொரு குறையைக் கண்டுபிடித்திருந்தார். முன்பு லாரிகள் நிற்காமல் போனதால் கடைக்கு ஆபத்து. இப்போது லாரிகள் நிற்பதால் சாலைக்கு இடையூறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கடை. எந்த வழியில் பார்த்தாலும் கடையை எடுத்துவிடுவதே நேர்மையான தீர்வு என்றார். நான் என் கருத்துகளை வரிசைப்படுத்திக் கூறினேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். தலையசைப்பவர்கள் எல்லாரும் உடன்படுவதில்லை.

கங்கம்மா கடைசியாக ஊற்றிய ஆப்பங்களை இலையில் வைத்து, வந்தவர்கள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று அவர்களை உட்காரச் சொன்னாள். கடையை எடுக்க வந்தவர்கள் அக்கடையிலேயே நாஷ்டா செய்வது முறையா என்று வீரராகவன் சற்றுத் தயங்கினார். பிறகு தட்டி மறைவில் இருந்த பெஞ்சில் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்தார். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் துடைத்துக் கூடையில் வைத்தாள். அதற்குப் பிறகு கரண்டியைத் துடைத்தாள். மூட்டை கட்டுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அப்போது வடக்கிலிருந்து ஒரு மிளகாய் லாரி வந்து நின்றது. இன்ஜின் இரைந்துகொண்டே இருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் முன் வந்தார். தடாப் பக்கத்து ஆள், ஆதிகேசவன் என்று பெயர், ஒரு மாதமாக வாரந்தவறாமல் வந்து கர்ப்பூரம் ஏற்றுகிறவர் என்று கங்கம்மா என்னிடம் மெல்லக் கூறினாள். தட்டிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கைகளைக் குவித்து, இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"தல்லீ, எல்லையம்மா! வாரா வாரம் இதத்தான் சொல்றேன், கோச்சுக்காத. தை மாசக் கடைசியில இதே மொனையில முன்னால போன வண்டியத் தாண்டறேன்னு தார உட்டு மண்ணுல எறங்கிட்டேன். தூணு அது பாட்டுக்கு நின்னுகினு இருந்துது. நான்தான் போய் இட்ச்சேன். அந்த அக்கா மூஞ்சியப் பாக்க பயந்துக்கினு ஓடிட்டேன். அதுலேர்ந்து டயரு வெடிக்குது, மொதலாளி பேஜாரு பண்றாரு. போதும் தல்லீ, உட்டுடு."

கும்மிடிப்பூண்டி இரயில் நிலையம் வரை அது கேட்டிருக்கும். வீரராகவன் கையில் இருந்த ஆப்பம் அப்படியே நின்றது.

ஆதிகேசவன் கர்ப்பூரத்தை ஒற்றிக்கொண்டு கடைக்குள் வந்தார். முதலில் காக்கியைக் கண்டார், பிறகு தொப்பியை, பிறகு என்னை. திரும்பி ஓட நினைத்ததாக அவரே பிற்பாடு கூறினார், ஆனால் செருப்பு பெட்டியின் முன் கிடந்ததாம். வீரராகவன் இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

"நிறுத்தினா தள்ளணும், சார்."

"தள்ள ஆள் இருக்காங்க. நிறுத்திட்டு வா."

முனையில் அமைதி வந்தது. அது எந்தப் பெட்டி என்பதை நான் அவருக்கு எடுத்துரைத்தேன். சாலைப்பக்கத்து எழுத்தையும் விரலால் சுட்டிக் காட்டினேன். அவர் பெட்டியைப் பார்த்தார், சப்-இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், பெட்டியினுள் இருந்து எடுத்து வைத்த கர்ப்பூரக் குவியலையும் பார்த்தார்.

"போலீசுப் பெட்டிக்கா சூடம் ஏத்திகீறேன்? இந்த எழுத்து ஆத்தா பேருன்னு நெனச்சேன், அம்மா. நான் படிச்சது தெலுங்கு."

எல்லைச் சாலையில் நிறுவும் பலகையில் தெலுங்கும் இருந்திருக்க வேண்டும். இது எளிதில் தோன்றியிருக்க வேண்டிய ஒன்று.

வீரராகவன் குறிப்பெடுக்கப் பென்சிலை எடுத்தார். நான் தடுத்தேன். கடை நிலைப்பதற்கு அந்த ஒரு வாக்குமூலம் போதும் என்பதை நான் அறிவேன். எனினும் தெய்வத்திடம் சொல்வதாக எண்ணி ஒருவர் சொன்னதைக் காவல் துறைக்குச் சொன்னதாக எழுதிக்கொள்வது ஒழுங்கன்று. ஆகவே ஆதிகேசவனிடம் நிலைமையை முறைப்படி விளக்கினேன். இவர் காவல் துறை, இவர் சாலைத்துறை, இந்தத் தூண் சாலைக்குள் நின்றதா வெளியே நின்றதா என்பதுதான் கேள்வி, வெளியே நின்றது என்றால் உங்கள்மேல் வழக்கு வரும், உள்ளே நின்றது என்றால் இன்றே இந்தக் கடை எடுக்கப்படும், சொல்ல விரும்பினால் சொல்லலாம், விரும்பாவிட்டால் நீங்கள் இதுவரை எதுவும் சொல்லவில்லை என்றே நாங்கள் கொள்வோம்.

வீரராகவன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஹயாத் பாஷா கண்ணை மூடிக்கொண்டார்.

ஆதிகேசவன் கங்கம்மாவின் பக்கம் திரும்பினார். அவள் கூடையில் கரண்டியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, மூட்டை கட்டுற?"

"கடைய எடுக்கச் சொல்லிட்டாங்க. உனக்கு ஆப்பம் வேணும்னா இருக்கற ரெண்டத் துன்னுட்டுப் போ நைனா. சட்டினி இல்ல."

"ஒரு மாசமா எனக்கு முட்டை ஊத்திக் குடுக்குறியே, நான்தான் இட்ச்சேன்னு தெரிஞ்சா குடுத்தியா?"

"மொத வாரமே தெரியும். நீ கூவுறது எனக்குக் கேக்காதா?"

அவர் வெறுங்காலோடு சாலை ஓரத்துக்கு நடந்து போய், தார் முடியும் இடத்தில் நின்று, சக்கரம் எங்கே இறங்கிற்று, எவ்வளவு தூரம் மண்ணில் ஓடிற்று, பழைய தூண் எங்கே நின்றது என்பதைக் காலால் கோடு கிழித்துக் காட்டினார். மேற்பார்வையாளர் நாடாவை விரித்தார். மாற்றி மாற்றி அளந்தார். தூண் நின்ற குழி, தாருக்கும் அதன் ஓரத்து மண்ணுக்கும் அப்பால்தான் இருந்தது. இதை அவர் முதல் நாளே அளந்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஹயாத் பாஷா சொல்லிவிட்டார்.

லாரிகள் நிற்பதால் இடையூறு என்ற குறை மட்டும் மீதம் இருந்தது. அதற்கு வழி யார் கண்டுபிடிப்பது என்று அனைவரும் ஹயாத் பாஷாவைப் பார்த்தோம். கடைக்கு அடுத்தாற்போல் அவருடைய பழைய உப்புக் களம் வெறுமையாகக் கிடந்தது. அவர் தாடியைத் தடவினார். உப்பு ஊறிய மண்ணில் புல்கூட முளைக்காது, லாரி நின்றால் என்ன கெட்டுவிடும் என்று நான் கேட்டேன். கெடாது என்று ஒப்புக்கொண்டார்.

ஆதிகேசவனின் லாரியைக் கிளப்ப, சப்-இன்ஸ்பெக்டர், மேற்பார்வையாளர், மன்றத் தலைவர் ஆகிய மூவரும் ஊரார் சிலரோடு சேர்ந்து தள்ளினர். நான் தள்ளவில்லை. எப்போது தள்ள வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

இறுதியாக முடிவானவை வருமாறு. ஆதிகேசவன்மேல் கவனக்குறைவாக லாரி ஓட்டியதற்கு வழக்குப் பதிவாயிற்று. அவர் தாமே ஒப்புக்கொண்டதை வீரராகவன் எழுத்தில் தெரிவித்தபடியால், பொன்னேரி நீதிமன்றத்தில் சிறு அபராதத்தோடு அது முடிந்தது. ஏப்ரல் இரண்டாம் நாள் கூடிய மன்றக் கூட்டத்தில், புகார்ப் பெட்டியைக் காவல் நிலையச் சுவரில் பொருத்தி, தமிழிலும் தெலுங்கிலும் எழுதுவது என்று தீர்மானிக்கப்பட்டது. முனையில் உள்ள கம்பத்தைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். என்னைத் தவிர ஒருவரும் ஆதரிக்கவில்லை. கம்பம் பெயர் எதுவும் எழுதப்படாமல் அங்கேயே இருக்கும் என்றும், அங்கே கர்ப்பூரம் ஏற்றுகிறவர்கள் கடைக் கூரைக்குத் தீ எட்டாத பக்கத்தில் ஏற்ற வேண்டும் என்றும் முடிவாயிற்று. வழிபட நிற்கும் லாரிகள் உப்புக் களத்தில் மட்டுமே நிற்க வேண்டும். பெட்டியில் கிடந்த காலணாக்கள் தெருவிளக்கு எண்ணெய்க்குக் கொடுக்கப்பட்டன. கடையை அகற்றும் ஆணையைச் சப்-இன்ஸ்பெக்டரும் மேற்பார்வையாளரும் கையெழுத்திட்டுத் திரும்பப் பெற்றனர். கங்கம்மாவின் கடை அதே முனையில், அதே இடத்தில் தொடர்ந்து நடைபெறும் என்று மன்றம் பதிவு செய்தது.